“இந்த விளம்பரத்துக்கு என் சம்மதம் உண்டு!” - அமெரிக்க வேட்பாளர்களைப் பேசவைத்த ஒற்றை வாக்கியத்தின் கதை

2012 அக்டோபர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கேரி என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒபாமாவுக்கும் மிட் ரோம்னிக்கும் இடையே அதிபர் தேர்தல் சூடு பிடித்திருந்த நேரம். எந்தப் பக்கம் சாயும் என்று கடைசிவரை கணிக்க முடியாத மாநிலங்களில் அதுவும் ஒன்று. அதனால், டி.வி-யைப் போட்டாலே அரசியல் விளம்பரம்தான். சமையல் நிகழ்ச்சிக்கு நடுவிலும் அதுதான். வானிலை அறிக்கைக்கு நடுவிலும் அதுதான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால், நான்கே நாளில் ஒரு வாக்கியம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ‘ஐ அப்ரூவ் திஸ் மெசேஜ்.’ அக்கா மகன் அதைக் குரலை மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்ட, பாட்டியும் பேரனும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஒருநாள் அம்மா கேட்டார். “ஏண்டா தம்பி, வர்றவங்க போறவங்க எல்லாரும் இந்த ஒரு வரியைச் சொல்றாங்களே, அது என்ன மந்திரமா?”

“இல்லம்மா. இந்த விளம்பரத்துல இருக்கிறதுக்கு என் சம்மதம் உண்டுன்னு சொல்றாங்க. அப்படிச் சொல்லணும்னு சட்டம்.”

அப்பா கும்பகோணத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். அம்மாவுக்கு எல்லாமே பத்திரக் கணக்குதான். “அப்போ, படிச்சுப் பார்த்து சம்மதிச்சு கையெழுத்துப் போட்டேன்னு பத்திரத்துல எழுதுவாங்களே, அந்த மாதிரியா?”

அதே மாதிரிதான். பேனாவுக்குப் பதில் குரலால் போடும் கையெழுத்து. அப்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தச் சட்டம் பிறந்ததே நாங்கள் உட்கார்ந்திருந்த அதே வட கரோலினாவில்தான் என்பது!

சேற்றை வாரி வீசிய முகமற்ற குரல்கள்

அமெரிக்கத் தேர்தலில் மேடைப் பேச்சைவிட டி.வி விளம்பரத்துக்குச் செலவு அதிகம். அதில் பெரும்பங்கு 30 விநாடி விளம்பரங்கள். நம் ஊர்போல ‘எங்களுக்கு வாக்களியுங்கள்’ என்று கேட்பதோடு நிற்காது. எதிராளி எப்படிப்பட்டவர் என்று பெயர் சொல்லித் தாக்குவதும் அங்கே சகஜம்.

1964-ம் ஆண்டு அதிபர் ஜான்சன் தரப்பு வெளியிட்ட ஒரு விளம்பரம் இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது. ஒரு சின்னப் பெண் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எண்ணுகிறாள். திடீரென ஓர் ஆண் குரல் தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது. எண்ணி முடிந்ததும் திரையில் அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் வேட்பாளரான கோல்ட்வாட்டரின் பெயரே அதில் இல்லை. ஆனால், ‘அவர் வந்தால் அணு ஆயுதப் போர்தான்’ என்ற பயம் பார்த்தவர்களின் மனதில் இறங்கியது. விளம்பரமாக ஒரே ஒருமுறைதான் ஒளிபரப்பானது. அதன் பிறகு செய்திகளிலேயே பேசப்பட்டு நாடு முழுவதும் பரவிவிட்டது.

அடுத்து வந்த வருடங்களில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. எதிராளியின் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பயமுறுத்தும் இசையைச் சேர்த்து, முகம் தெரியாத ஒருவரின் கனத்த குரலில் குற்றச்சாட்டுகளை அடுக்குவார்கள். யாராவது தட்டிக் கேட்டால், “அது என் விளம்பரக் குழு செய்தது, எனக்குத் தெரியாது” என்று வேட்பாளர் நழுவ இடம் இருந்தது. பணம் கொடுத்தவர் பெயர் திரையில் பொடி எழுத்தில் ஓடி மறையும். அதை யார் படிக்கிறார்கள்?

இங்கே இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் வேட்பாளரின் விளம்பரத்தை ஒளிபரப்பும் டி.வி, வானொலி நிலையங்கள் அதில் கைவைக்கக் கூடாது. பொய் இருக்கிறது என்று தெரிந்தாலும் வெட்ட முடியாது. அதற்காக நிலையத்தின் மீது அவதூறு வழக்கும் போட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. பேச்சுரிமைக்கு அவ்வளவு மதிப்பு. ஆக, சொன்னது உண்மையா என்று முன்கூட்டியே பார்க்க ஆளில்லை. அப்படியானால், குறைந்தபட்சம் சொன்னவர் யார் என்பதாவது பளிச்சென்று தெரிய வேண்டாமா?

ஒரு பேராசிரியரின் யோசனை

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் டேவிட் பிரைஸ். டியூக் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்து, வட கரோலினாவிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். தாக்குவது தவறில்லை, ஆனால் தாக்குபவர் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் யோசனையின் சாரம். முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்றால், மனிதர் கொஞ்சமாவது கூச்சப்படுவார் அல்லவா?

இந்த யோசனையை வட கரோலினா மாநிலம் 1999-ல் சட்டமாக்கியது. ‘ஸ்டாண்ட் பை யுவர் ஆட்’ என்று பெயர். ‘உன் விளம்பரத்துக்குத் துணை நில்’ என்று சொல்லலாம். 1968-ல் வெளிவந்து அமெரிக்காவே முணுமுணுத்த ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ என்ற பாடலின் தலைப்பை வைத்துச் செய்த சொல் விளையாட்டு அது.

மாநிலச் சட்டத்தை நாட்டுக்கே கொண்டுபோக பிரைஸ் முயன்றார். அதற்கான நேரமும் கூடி வந்தது. இரு கட்சிகளையும் சேர்ந்த ஜான் மெக்கெய்ன், ரஸ் ஃபைன்கோல்ட் என்ற இரு செனட்டர்கள் தேர்தல் நிதியை ஒழுங்குபடுத்தப் பாடுபட்டு ஒரு பெரிய சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதற்குள் இந்த விதியும் ஒரு பிரிவாக இடம்பிடித்தது. 2002 மார்ச் 27 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில், 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. 2004 அதிபர் தேர்தலில் புஷ்ஷும் அவரை எதிர்த்த ஜான் கெர்ரியும் தங்கள் விளம்பரங்களில் அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள். அன்று முதல் சொல்லாத வேட்பாளர் இல்லை.

விதி என்ன சொல்கிறது?

வானொலி விளம்பரம் என்றால், வேட்பாளர் தன் சொந்தக் குரலில், தான் யார் என்பதையும், விளம்பரத்துக்குத் தன் ஒப்புதல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

டி.வி என்றால் இரண்டு வழிகள். வேட்பாளரே திரை நிறையத் தோன்றிச் சொல்லலாம். அல்லது அவருடைய படம் திரையில் தெளிவாகத் தெரிய, பின்னணியில் அவர் குரல் ஒலிக்கலாம். ஓரத்தில் தபால்தலை அளவுக்குப் படம் வைத்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக, அந்தப் படம் திரையின் உயரத்தில் 80 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணைய விதி சொல்கிறது. இதுபோக, விளம்பரத்தின் முடிவில் எழுத்திலும் இது வர வேண்டும். எழுத்து திரை உயரத்தில் 4 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தது 4 விநாடிகள் நிற்க வேண்டும். பின்னணி நிறத்தோடு கலந்து மறைந்துவிடக் கூடாது. பழைய தந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்பது புரிகிறதா?

மீறினால், பர்ஸில் கைவைக்கும் ஓர் ஏற்பாடும் உண்டு. உட்கட்சித் தேர்தலுக்கு முந்தைய 45 நாள்களும், பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாள்களும் வேட்பாளர்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில்தான் நிலையங்கள் விளம்பர நேரத்தைத் தர வேண்டும். எதிராளியைக் குறிப்பிடும் விளம்பரத்தில் இந்த ஒப்புதல் இல்லாவிட்டால், அந்தச் சலுகைக் கட்டணத்தைக் கேட்கும் உரிமை போய்விடும். கோடிகளில் விளம்பரம் செய்பவர்களுக்கு இது சாதாரண இழப்பு இல்லை.

சேறு குறைந்ததா?

நேர்மையான பதில்: குறையவில்லை.

முதலில் வேட்பாளர்கள் சங்கடப்பட்டார்கள்தான். பிறகு விளம்பர நிபுணர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பேச்சு வடிவ ஒப்புதல் கடைசியில்தான் வர வேண்டும் என்று விதியில் இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே வேட்பாளர் மனைவி, குழந்தைகளோடு சிரித்தபடி வந்து அந்த வரியைச் சொல்லிவிடுவார். அதன் பிறகு இருட்டான படங்களும் கனத்த குரலும் எதிராளியை உரித்தெடுக்கும். சிரித்த முகம் வேறு, திட்டிய குரல் வேறு என்று பார்ப்பவர் மனதில் இரண்டும் பிரிந்துவிடும்.

இன்னும் சிலர் அந்த வாக்கியத்தையே பிரசாரமாக்கினார்கள். ‘இந்த விளம்பரத்துக்கு ஒப்புதல் தருகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளின் எதிர்காலம்...’ என்று ஒரு ‘ஏனென்றால்’ சேர்த்தால் போதும். கட்டாயமாகச் சொல்ல வேண்டிய வரி, ஓட்டுக் கேட்கும் வரியாகிவிட்டது.

2010-ல் டெலவேர் மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்ற கிறிஸ்டீன் ஓ’டானலின் விளம்பரம் வேறு ரகம். இளவயதில் சூனியத்தில் கொஞ்சம் ஈடுபட்டதாக அவரே எப்போதோ ஒரு டி.வி நிகழ்ச்சியில் சொன்னது தேர்தல் நேரத்தில் கிளம்பிவிட்டது. அவர் கேமராவைப் பார்த்து, ‘நான் சூனியக்காரி இல்லை’ என்று தொடங்கி ஒரு விளம்பரத்தில் பேசினார். முடிவில் வழக்கமான ஒப்புதலும் வந்தது. நாடே சிரித்தது. தேர்தலில் தோற்றார். ஆனால் ஒன்று: அந்தச் சட்டம் எதிர்பார்த்ததுபோல, சொல்ல வேண்டியதைத் தன் முகத்தைக் காட்டிச் சொன்னவர் அவர்!

இதைவிட அதிர்ச்சியான தகவல் ஆராய்ச்சியில் கிடைத்தது. மினா ஜங், கிளேட்டன் கிரிட்ச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வாக்கியம் இருக்கும் விளம்பரங்களையும் இல்லாத விளம்பரங்களையும் மக்களுக்குக் காட்டிச் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். எதிராளியின் கொள்கையைத் தாக்கும் விளம்பரங்களில் இந்த வரி இருந்தால், மக்கள் அதைக் கூடுதலாக நம்புகிறார்கள் என்று தெரிந்தது. தனிமனிதத் தாக்குதலுக்கு அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டதும், ‘இதெல்லாம் யாரோ சரிபார்த்து விட்டிருக்கிறார்கள்’ என்ற எண்ணம் வந்துவிடுகிறதாம். உண்மையில் யாரும் சரிபார்ப்பதே இல்லை!

அன்று கேரியில் அம்மா கேட்ட அடுத்த கேள்வி இப்போது நினைவுக்கு வருகிறது. “கையெழுத்துப் போட்டுட்டா, எழுதினது நிஜம்னு ஆயிடுமா? உங்க அப்பா எத்தனை பொய்ப் பத்திரத்தைப் பார்த்திருக்கார் தெரியுமா?”

பின்வாசல் வழி

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஒப்புதல் சொல்ல வேண்டியது வேட்பாளர் தரப்பு விளம்பரங்களில்தான். வேட்பாளருக்குச் சம்பந்தம் இல்லாத வெளிக் குழு ஒன்று விளம்பரம் செய்தால்?

2004-லேயே அது நடந்தது. வியட்நாம் போரில் பதக்கம் பெற்ற ஜான் கெர்ரியின் வீரத்தையே சந்தேகிக்கும் விளம்பரங்களை முன்னாள் படையினரின் குழு ஒன்று வெளியிட்டது. கெர்ரிக்கு அது பெரிய அடி. புஷ் அதற்கு ஒப்புதல் சொல்லவும் இல்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

2010 ஜனவரியில் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் தனித்து எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்க வழி திறந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு தீர்ப்பைத் தொடர்ந்து ‘சூப்பர் பேக்’ எனப்படும் அமைப்புகள் முளைத்தன. வேட்பாளருடன் கூடிப் பேசாமல் செலவு செய்யும்வரை, இவை திரட்டும் நன்கொடைக்கு உச்சவரம்பு கிடையாது.

2012-ல் நாங்கள் பார்த்த விளம்பரங்கள் பல இந்த ரகம்தான். ரோம்னியை ஆதரித்த அமைப்பின் பெயர் ‘ரீஸ்டோர் அவர் ஃபியூச்சர்’. ஒபாமாவை ஆதரித்தது ‘பிரையாரிட்டீஸ் யு.எஸ்.ஏ ஆக்‌ஷன்’. இந்த விளம்பரங்களில், ‘இதன் உள்ளடக்கத்துக்கு இன்ன அமைப்பு பொறுப்பு’ என்று ஒரு குரல் சொல்லும். பெயரைக் கேட்டால் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

ஒபாமா ஆதரவு அமைப்பு வெளியிட்ட ஒரு விளம்பரம் அப்போது பெரும் சர்ச்சையானது. ரோம்னி தொடங்கிய முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்த எஃகு ஆலை மூடப்பட்டதால் வேலையையும் காப்பீட்டையும் இழந்த தொழிலாளி ஒருவர், தன் மனைவி புற்றுநோயில் இறந்ததைச் சொல்வார். ஆலை மூடி ஐந்து ஆண்டுகள் கழித்தே அந்த மரணம் நிகழ்ந்தது என்பதைப் பத்திரிகைகள் எடுத்துக் காட்டின. ‘அது எங்கள் விளம்பரம் இல்லை’ என்றது ஒபாமா தரப்பு. எந்த வாக்கியத்துக்கு முடிவுகட்ட அந்தச் சட்டம் வந்ததோ, அதே வாக்கியம்!

இந்த ஓட்டையை அடைக்க 2010-ல் ஒரு மசோதா வந்தது. அமைப்பின் தலைவரே திரையில் தோன்றி ஒப்புதல் சொல்ல வேண்டும் என்றது அது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் முட்டி நின்றுவிட்டது.

நம் ஊரில் எப்படி?

நம் பாதை வேறு. அமெரிக்காவில் யாரும் முன்கூட்டிச் சரிபார்ப்பதில்லை. சொன்னவர் முகம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில், உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் உத்தரவுக்குப் பிறகு, டி.வி-யில் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கென மாவட்டந்தோறும் மாநிலந்தோறும் ஊடகச் சான்றளிப்புக் குழுக்கள் உண்டு. பின்னாளில் சமூக வலைதள விளம்பரங்களையும் தேர்தல் ஆணையம் இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது.

தேர்தல் துண்டுப் பிரசுரத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வதும் குற்றம்தான்.

ஆனால், இங்கே எந்த வேட்பாளரும் ‘இதைச் சொன்னது நான்தான்’ என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

குரலையே நம்ப முடியாத காலம்

2002-ல் சட்டம் எழுதியவர்கள் வானொலியையும் டி.வி-யையும்தான் நினைத்தார்கள். இன்று விளம்பரம் வருவது கைபேசியில். அமெரிக்காவில் இணைய விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதைக் காட்ட வேண்டும் என்ற விரிவான விதி 2023 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. அங்கும் வேட்பாளர் குரல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அதைவிடப் பெரிய சவால் செயற்கை நுண்ணறிவு. 2024 ஜனவரியில், நியூ ஹாம்ப்ஷயர் மாநில உட்கட்சித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், ஆயிரக்கணக்கான வீடுகளில் தொலைபேசி ஒலித்தது. எடுத்தால் அதிபர் ஜோ பைடன் குரல்! இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடாதீர்கள், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது அது. பைடன் அப்படிப் பேசவே இல்லை. கணினி உருவாக்கிய குரல். அதற்கு ஏற்பாடு செய்த தேர்தல் ஆலோசகருக்கு அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. தானியங்கி அழைப்புகளில் இப்படிச் செயற்கைக் குரலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்றும் அறிவித்தது.

‘உன் குரலில் சொல்’ என்ற சட்டத்தின் அஸ்திவாரமே, குரலைத் திருட முடியாது என்ற நம்பிக்கைதான். அந்த அஸ்திவாரம் இப்போது ஆடுகிறது. கைரேகையைக்கூடத் திருடிவிடலாம் என்றானபின் பத்திரத்துக்கு என்ன மதிப்பு?

அப்படியானால், அந்த வாக்கியம் வீண்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பொய்யைத் தடுக்கவில்லை. ஆனால், பொய் சொன்னால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு முகவரி கொடுத்தது. வேட்பாளர் தரப்பு விளம்பரத்தில், ‘எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது’ என்று நழுவும் வழியை அது அடைத்தது. இருபது வருடங்களாக அந்த முகவரி இல்லாத குழுக்களும், முகவரியே தேவைப்படாத ஃபார்வர்டுகளும் வளர்ந்ததுதான் பிரச்னை. சரிபார்க்கும் வேலையை எந்தச் சட்டமும் முழுதாகச் செய்து தராது. அதில் ஒரு பங்கு கேட்பவர் தலையில்தான்.

சமீபத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு தலைவரின் குரல். எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி மோசமான ஒரு செய்தி. ‘எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று கீழே ஒரு வரி. அனுப்பியது மாமா. பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் கைகூப்பிய படம் போட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தட்டித் தட்டி ஒரு வரி எழுதினார்.

“தம்பி, இது நிஜம்னு நீ கையெழுத்துப் போடுவியா?”

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு பார்த்தால், அந்தப் பதிவு நீக்கப்பட்டிருந்தது.